கண்டி நீதிபதி ஜோன் டொயிலி

கண்டியைப் பற்றி நம்மவர் எழுதியவை பெரும்பாலும் கடைசி மன்னன் கண்ணுசாமியுடன் தொடங்கி அவனுடனேயே முடிந்துவிடுகின்றன. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் என்று பட்டப்பெயர் பூண்ட அம்மன்னன் 1815இல் சிறைப்பட்டதையும், 1832இல் வேலூரில் மாண்டதையும் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால், அவனை வீழ்த்திய திட்டத்திற்கு மூளையாக இருந்தவரும், அவன் அகன்ற பின்னர் அவனுடைய தலைநகரிலேயே ஒன்பது ஆண்டுகள் தங்கி, அவன் குடிகளுக்கு அவர்களுடைய பழைய வழக்கத்தின்படியே நியாயம் தீர்த்தவருமான ஆங்கிலேயர் ஒருவரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் பெயர் ஜோன் டொயிலி.

சரித்திர ஆசிரியர்கள் அவரை ஒற்றர் தலைவர் என்பர், இராசதந்திரி என்பர். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் நான் அவரை ஒரு நீதிபதியாகவே இங்கு எடுத்துப் பேச விரும்புகின்றேன். அவர் சட்டம் பயின்று தேறிய வழக்கறிஞர் அல்லர். அந்தத் தொழில் அவருடைய சகோதரர் தோமஸுக்கு வாய்த்தது. எனினும், கொழும்பிலிருந்த உயர் நீதிமன்றின் ஆணை கண்டி நாட்டுக்குள் 1833ஆம் ஆண்டு வரை செல்லவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். மலைநாடு தனிச் சட்டமும் தனி மன்றங்களும் உடைய வேறொரு தேசமாகவே ஆளப்பட்டது. அங்கே திசாவையின் தீர்ப்பால் மனம் நொந்தவன் ஏறிவந்து முறையிடும் படி, முதல் ஒன்பது ஆண்டுகளும், டொயிலியின் வாசற்படியாகவே இருந்தது. அதற்கு மேலே கொழும்பில் வீற்றிருந்த தேசாதிபதி ஒருவரே. மேன்முறையீட்டு நீதிபதி என்ற பெயர் அவருக்கு ஒருவரும் சூட்டவில்லை, வேலை அதுவேதான்.

இங்கிலாந்திலே சசெக்ஸ் நாட்டுப்புறத்தில், மத்தியாஸ் டொயிலி என்னும் கிறித்தவ குருவின் மகனாக 1774இல் பிறந்தவர் இவர். வெஸ்ற்மின்ஸ்ரர்ப் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், ஏறக்குறைய இருபத்தேழு வயதில், இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து இங்கு வந்தார். வந்தவர் மீண்டும் தம் தாய்நாட்டைக் காணவேயில்லை.

அக்காலத்தில் இங்கு உத்தியோகம் பார்த்த துரைமார் பலருக்கு ஊர்மொழி என்பது துபாஷியின் வாயிலிருந்து வருவது. டொயிலி அவ்வழியிற் செல்லவில்லை. மாத்தறையில் இருந்தபோது, கவியும் பண்டிதருமாகிய கரத்தொட்ட தம்மாராம தேரரை அடைந்து முறையாகச் சிங்களம் பயின்றார். வெறும் பேச்சுமொழியோடு நில்லாமல் ஏட்டுமொழி, செய்யுள், ஓலை எழுத்து ஆகியவற்றிலும் தேர்ச்சி பெற்றார். சிங்களப் பெண்பாற் புலவர் கஜமன் நோனா, கணவனை இழந்து வறுமையுற்றிருந்த காலத்தில் இவருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார் என்றும், அதனைப் படித்து மனமிளகிய டொயிலி அவருக்கு நிலம் வழங்கினார் என்றும் தென்னிலங்கையில் வழங்கி வருகின்றது. நோனாகம என்ற ஊர்ப்பெயர் அதனால் வந்தது என்பர். புலவருக்கு ஊர் கொடுப்பது நம் மரபில் மன்னரும் வள்ளல்களும் செய்த காரியம். ஆங்கிலேயத் துரையொருவர் அந்த மரபுக்குள் இவ்வளவு எளிதாக நுழைந்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பையே தருகின்றது.

1805இல் அவர் அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளர் ஆனார். பெயரளவிற்றான் அது மொழிபெயர்ப்பு வேலை. 1803ஆம் ஆண்டின் துயரம் அப்போது ஆங்கிலேயர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. அவ்வாண்டு கண்டியைப் பிடித்து, முத்துசாமி என்னும் நாயக்க இளவரசனை அரியணையில் ஏற்றிவைத்து, ஒரு படையையும் அங்கே விட்டுவைத்தார்கள். சில மாதங்களில் அவர்கள் கணக்கு முழுவதும் தப்பிப் போயிற்று. நகரை விட்டு வெளியேறிய படை, பெருக்கெடுத்தோடிய மகாவலியைக் கடக்க வழியின்றி வட்டபுலுவையில் அகப்பட்டு மாண்டது; முத்துசாமியும் கொல்லப்பட்டான். பீரங்கியால் முடியாததை வேறு வழியால் முடிக்க வேண்டும் என்று கொழும்பு எண்ணத் தொடங்கியது. அந்த வேறு வழிதான் டொயிலி.

1810 முதல் 1815 வரை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, 1917இல் கொட்றிங்ரன் அவர்களாற் பதிப்பிக்கப்பட்டு வெளிவந்தது. அதனை நாட்குறிப்பு என்று எண்ணி எடுப்பவர் ஏமாந்து போவார். தம் உள்ளத்தைப் பற்றி அவர் அதில் ஏதும் எழுதுவதில்லை. யார் வந்தான், எவ்வழியாக வந்தான், என்ன சொன்னான், அரசன் யார்மேற் சினந்தான், எந்தத் திசாவை எவனோடு பகை, எந்தக் கடவை காவலின்றிக் கிடக்கின்றது என்ற செய்திகளே பக்கம் பக்கமாக வருகின்றன. கரையோரத்துக்கு வந்துபோன வணிகர், பிக்குகள், ஓலை கொணர்ந்தோர் எனப் பலதிறத்தாரும் அவர் முன்னே அமர்ந்து பேசியிருக்கின்றனர். நான் அதனை முதன்முறை படித்தபோது ஒற்றாடலின் திறத்தையே கண்டேன். மறுமுறை படித்தபோது வேறொன்று தென்பட்டது. ஒருவன் சொன்னதை மற்றொருவன் சொன்னதோடு ஒத்துப் பார்ப்பதும், கேட்டதைக் கேட்டபடியே பதிவதும், சொன்னவன் யாருக்கு வேண்டியவன் என்று எடைபோடுவதுமாகிய பயிற்சி முழுவதும் சாட்சி விசாரிக்கும் நீதிபதியின் பயிற்சியாகவே இருக்கின்றது. நோக்கம் மட்டுமே வேறு.

அந்த நோக்கம் விரைவிலே கைகூடிற்று. 1814இல் சப்ரகமுவவிலிருந்து கிளர்ந்து தோற்ற எஹெலபொல அதிகார், ஆங்கிலேயர் பக்கம் ஓடிவந்து சேர்ந்தான். அவனுடைய மனைவியும் குழந்தைகளும் கண்டியிற் கொல்லப்பட்ட கொடுமையை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயப் படை ஏறக்குறைய எதிர்ப்பின்றியே நகருள் நுழைந்தது. அதே மாதம் 18ஆம் நாள் மெதமகாநுவரைப் பகுதியில் மன்னன் பிடிபட்டான். 1739இலே தொடங்கிய நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிந்தது. மார்ச் 2ஆம் நாள், அரண்மனையின் மகுல் மடுவத்திலே, தலைவர்களின் முன்னிலையில் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. (இதே ஆண்டு ஜூன் மாதத்தில் டொயிலியின் சகோதரர் பிரான்சிஸ் வாட்டர்லூப் போர்க்களத்தில் வீழ்ந்தார். செய்தி கண்டிக்கு வந்து சேர எத்தனை மாதமாயிற்றோ!)

அந்த உடன்படிக்கையின் வாசகத்தில் டொயிலியின் கை பட்டிருக்கின்றது. சட்டம் பயிலும் மாணவர் அதனை ஒருமுறையேனும் முழுமையாகப் படித்தல் வேண்டும் என்பேன். உடலை வதைத்தலும் உறுப்புக்களைக் குறைத்தலும் அதனால் ஒழிக்கப்பட்டன. தேசாதிபதியின் எழுத்து மூலமான கட்டளையின்றி எவனுக்கும் மரணதண்டனை நிறைவேற்றலாகாது என்று விதிக்கப்பட்டது. இவற்றுக்கு உட்பட்டு, வழக்கு விசாரணை பழைய முறைப்படியே, பழைய அதிகாரிகளைக் கொண்டே நடைபெறும். ஆனால் குறை தீர்க்கும் உரிமை என்றும் அரசாங்கத்துக்கு உண்டு என்றொரு வாசகமும் சேர்க்கப்பட்டது. பின்னாளில் டொயிலி அமர்ந்த ஆசனம் அந்த ஒரு வாசகத்தின்மேலேதான் நின்றது.

இவ்வளவும் படித்து மகிழும் தமிழ் வாசகர் மூன்றாம் பிரிவுக்கு வரும்போது நின்றுவிடுவார். மன்னனின் உறவினரும், உறவினரென்று சொல்லிக்கொள்வோருமாகிய ஆண்மக்கள் யாவரும் பகைவர் என்று அப்பிரிவு கூறுகின்றது. வெளியேற்றப்பட்ட மலபார் சாதி ஆண்கள் அரசாங்கத்தின் அனுமதியின்றித் திரும்பி வரலாகாது என்றும் விதிக்கின்றது. மலபார் என்று அன்று ஆங்கிலேயர் வழங்கியது நம்மவரையே. ஒரு குடிக்கு அதன் சட்டத்தை உறுதிசெய்த அதே தாள், மற்றொரு குடியை அதன் வீட்டிலிருந்து விரட்டியது. இதனை எழுதியவர்கள் குரூரர்கள் என்று நான் கருதவில்லை. அரசனின் சுற்றத்தை ஊரில் விட்டுவைத்தால் அரசு திரும்பக்கூடும் என்ற அச்சமே அவர்களை நடத்தியது. ஆயினும் குற்றம் விசாரித்துத் தண்டனை வழங்குவதே நீதி என்றால், பிறப்பை விசாரித்து வழங்கிய இத்தண்டனையை என்னவென்பது? கண்டி நகரில் மலபார் வீதி என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1820களிலே கம்பளை, பேராதனைப் பக்கங்களிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, அதே மலைகளுக்கு அதே மொழியினரை அதே அரசாங்கத்தார் கப்பலேற்றி அழைக்கத் தொடங்கினார்கள் என்பது பிற்கதை.

உடன்படிக்கைக்குப் பின்னர் டொயிலி கண்டியின் ரெசிடென்ற் ஆனார். 1816இல் அவரைத் தலைவராகக் கொண்டு ஆணையாளர் சபையொன்று அமைக்கப்பட்டது. நீதிக்கொருவர், வருவாய்க்கொருவர் என இருவர் அவருடன் இருந்தனர். வழக்குகள் வந்து குவிந்தன. ஆங்கிலச் சட்டப் புத்தகம் ஒன்றும் அங்கே பயன்படவில்லை. கண்டிச் சட்டம் எழுதப்படாத சட்டம். அது அதிகாரிகளின் நினைவிலும், விகாரை ஏடுகளிலும், ஊர்ப் பெரியோர் வாயிலும் கிடந்தது. வழக்கைக் கேட்பதற்கு முன்பு அந்த வழக்குக்குரிய சட்டம் எது என்று கேட்டறிய வேண்டியிருந்தது. ஆகவே தலைவர்களையும் உடன் அமர்த்தி அவர்கள் கருத்தைக் கேட்டே விசாரணை நடந்தது. முன்னர் ஒற்றர் பேச்சைக் கேட்ட அதே செவி இப்போது முதியோர் பேச்சைக் கேட்டது. முன்போலவே கேட்டதையெல்லாம் எழுதியும் வைத்தது.

அவ்வாறு எழுதியதன் பயனே கண்டி இராச்சியத்தின் அமைப்பைப் பற்றிய அவருடைய சிறு நூல். அளவிற் சிறியது, பயனிற் பெரியது. அதிலே அரசன் முதல் ஊர்க்காவலன் வரை யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது வரையறுத்துக் கூறப்படுகின்றது. என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது கம்சபாவ என்னும் ஊர்ச்சபையைப் பற்றிய பகுதி. அம்பலத்திலோ மரநிழலிலோ ஊரின் அனுபவசாலிகள் கூடி, எல்லைத் தகராறு, கடன், சிறு களவு, வாய்ச்சண்டை ஆகியவற்றை விசாரிப்பார்கள். தண்டிப்பதை விட இணக்கி வைப்பதே அவர்கள் நோக்கம். நம் ஊர்ப் பஞ்சாயத்தை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அதற்கு மேலே திசாவைகள். அவர்களுக்கு மேலே அதிகார்களும் பெருந்தலைவர்களும் கூடிய மகாநடுவ என்னும் பெருமன்றம். எல்லாவற்றுக்கும் உச்சியில் அரசன்.

அரசனிடம் முறையிடும் வழிகளையும் அவர் எண்ணிச் சொல்கின்றார். அரசன் வெளியே எழுந்தருளும்போது வழியில் விழுந்து வணங்கலாம். தலதா மாளிகையில் அடைக்கலம் புகலாம். அரண்மனைக்கு அண்மையிலுள்ள மரமொன்றில் ஏறி நின்று தன் குறையை உரத்துக் கூவலாம்! மனுநீதிச் சோழன் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிற்று என்று நாம் படிக்கின்றோம். கண்டி மன்னன் வாயிலில் மணிக்குப் பதில் மரம் நின்றது. மேன்முறையீட்டுக்கு முத்திரைத்தாளும் கட்டணமும் வேண்டாத காலம் அது; நல்ல குரல் இருந்தாற் போதும்.

இருதரப்பாரும் கொதிக்கும் எண்ணெயில் கை நனைத்துச் சத்தியம் செய்யும் முறையையும் டொயிலி மறைக்கவில்லை. அழகியதை மட்டும் பொறுக்கி எழுதியவர் அல்லர் அவர். திருமணத்தில் தீக, பின்ன என்னும் இருவகையையும் அதன் விளைவுகளையும் அவரும், அவருடன் பணியாற்றிய சைமன் சோயர்ஸும், பின்னர் ஆர்மரும் பதிந்து வைத்தார்கள். பெண் கணவன் வீட்டுக்குப் போவது தீக. கணவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்ன. தீக மணம் செய்த மகள் தந்தையின் சொத்தில் பங்கிழப்பாள். பின்ன மணத்தினள் இழக்க மாட்டாள். யாழ்ப்பாணத்தாருக்கு இவ்விடத்தில் தேசவழமை நினைவுக்கு வரும். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர் அதனைத் தொகுத்து, பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்வையிட்டு ஒப்புக்கொண்டது 1707இல். ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தது 1806இல். நம் வழக்கமும் கண்டியார் வழக்கமும் அந்நியர் கையெழுத்தினாலே நிலைபெற்றன. அதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. மரநிழலிற் சூழ்நிலைக்கேற்ப வளைந்து கொடுத்த வழக்கம், தாளில் ஏறியதும் வளைவதை நிறுத்திவிடுகின்றது.

இந்த நீதிபதியின் வாழ்க்கையில் இருண்ட அத்தியாயம் 1817இன் பிற்பகுதியில் ஊவாவிலே தொடங்கியது. அரசன் போனபின் தங்களுக்கே அதிகாரம் வருமென்று எண்ணிய தலைவர்கள், தங்கள் தலைக்குமேல் வெள்ளைக்காரச் சிப்பாயும் கணக்கனும் நிற்பதைக் கண்டார்கள். கிளர்ச்சி மலைநாடெங்கும் பரவியது. 1815இல் உடன்படிக்கையிற் கையொப்பமிட்ட கெப்பெட்டிபொல கிளர்ச்சியின் தலைவனாகி, 1818 நவம்பர் 26ஆம் நாள் போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். ஊவாவில் ஊர்கள் எரிந்தன. இராணுவச் சட்டம் நடந்த அம்மாதங்களில் விசாரணை இராணுவ மன்றத்தின் கையிலே இருந்தது; மகாநடுவவும் கம்சபாவவும் வாயடைத்துக் கிடந்தன.

டொயிலியின் மேல் எனக்குள்ள குறை எஹெலபொலவைப் பற்றியது. கண்டியின் கதவைத் திறந்துவிட்டவன் அவன். அவனுடைய மனத்தாங்கலை வளர்த்துப் பயன்கொண்டவர் டொயிலி. அவன் அரசபதவியை எதிர்பார்த்தான், கிடைக்கவில்லை. கிளர்ச்சிக் காலத்திலே சந்தேகத்தின்பேரிற் பிடிக்கப்பட்டுக் கொழும்பிற் காவலில் வைக்கப்பட்டான். குற்றம் எண்பிக்கப்படவில்லை. 1825இல் மொறீசியஸுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தான். எளிய குடியானவனின் வயல்வரப்பு வழக்குக்குச் சாட்சி தேடிய அரசாங்கம், தனக்கு உதவியவனுக்கு ஒரு விசாரணை தர விரும்பவில்லை. ரெசிடென்றின் கைக்கு எட்டாத முடிவு இது என்று சிலர் வாதிடலாம். இருக்கலாம். மறுத்து எழுதிய கையொன்று அங்கிருந்திருந்தால் அது டொயிலியின் கையாகவே இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

1818 நவம்பர் 21ஆம் நாளின் பிரகடனம் ஐம்பத்தாறு பிரிவுகளாய் வெளிவந்து, தலைவர்களின் நீதி அதிகாரத்தைப் பெரிதும் குறைத்தது. மாகாணங்களில் அரசாங்க முகவர்கள் வழக்குக் கேட்டார்கள்; கண்டியில் நீதி ஆணையாளரின் மன்றம் கூடியது; தலைவர்கள் உடனிருந்து கருத்துச் சொல்வோராயினர். தீர்ப்பு ஆங்கிலேயருடையதாயிற்று, சட்டம் மட்டும் கண்டியாருடையதாகவே இருந்தது.

டொயிலியின் இறுதிக்காலம் தனிமையிற் கழிந்தது. அவர் மணம் செய்யவில்லை. விருந்துக்கு எவரையும் அழைப்பதில்லை, தாமும் போவதில்லை. வாழைப்பழமும் எளிய உணவுமே அவருக்குப் போதுமாயிருந்தன. அவரைப் பார்க்கும்போது கேம்பிரிட்ஜில் கற்ற மாணவனைக் காணவில்லை, ஒரு சிங்களவரையே காண்கின்றோம் என்று அவரையறிந்த வெள்ளையர் வியந்து எழுதினார்கள். சிலர் அதனைப் பரிகாசமாகவும் சொன்னார்கள். ஊரிலிருந்து கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அவ்வாறு அவருக்கு வந்தவற்றை 1938இல் போல் பீரிஸ் நூலாக வெளியிட்டார். 1821இல் கண்டியின் பெயரோடு பாரனெற் பட்டம் அவருக்குக் கிடைத்தது. மூன்றாண்டுகள்கூட அதனை அவர் முழுமையாக அனுபவிக்கவில்லை. 1824 மே 25ஆம் நாள் காய்ச்சலினால் கண்டியிலேயே உயிர் துறந்தார். வாரிசு இன்மையால் பட்டமும் அவருடன் போயிற்று. தலதா மாளிகைக்கு அண்மையில், மேட்டிலுள்ள பழைய பட்டாளத்துச் சேமக்காலையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மலைக்காய்ச்சலுக்கு இளவயதிலேயே இரையானவர் பலர் அங்கே அவரைச் சூழ்ந்து கிடக்கின்றார்கள். கண்டிக்குச் சுற்றுலா வரும் ஆசிரியர்கள் மாளிகையைத் தரிசித்த பின் மாணவரை அங்கும் அழைத்துச் சென்றால் நன்று. பத்து நிமிட நடைகூட இல்லை.

அவர் எழுதிய நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் அதனை லண்டனிலுள்ள ராயல் ஆசியக் கழகத்துக்கு அளிக்க, 1830களில் அக்கழகத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. அதற்குள் 1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் கண்டியின் தனி மன்றங்களை ஒழித்து, தீவு முழுவதையும் ஒரே உயர் நீதிமன்றின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. மன்றம் போயிற்று, சட்டம் போகவில்லை. 1929இல் அந்நூல் கொழும்பில் தனிநூலாகப் பதிப்பிக்கப்பட்டது. 1938இன் கண்டிச் சட்டக் கட்டளையும், 1952இன் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் பழைய வழக்கத்திற் பலவற்றை மாற்றி, பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டன. இன்றும் கண்டிய முறைப்படி மணம் பதியும் தம்பதியரிடம், மணம் தீகவா பின்னவா என்று பதிவாளர் கேட்டு எழுதிக்கொள்கின்றார். ஒன்றும் குறிக்கப்படாவிட்டால் அது தீக என்றே கொள்ளப்படும்.